மேலே மூடிக்கொண்ட புண்

சர்வேயருக்கு உள்ளங்காலில் புண் வந்தபோது அவர் மனைவிக்கு அனுதாபம் ஒன்றும் பொங்கிவிடவில்லை. சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, வெறுங்காலோடு மொட்டைமாடியில் உலாத்தாதீர்கள் என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருந்தாள். ஊரார் நிலத்தை அளந்தே ஓய்வு பெற்ற மனிதர், பெண்டாட்டி பேச்சை எங்கே காதில் போட்டுக்கொள்வார்?

புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப்போட்ட டாக்டரம்மா, "வாராவாரம் வந்து காட்டுங்க. அந்தக் காலை ஊனவே கூடாது" என்றாள். அவர் போகும்போதெல்லாம் புண்ணின் நீளம், அகலம் பார்த்தாள். மெல்லிய கம்பியை உள்ளே விட்டு ஆழம் பார்த்தாள். நிறம், கசிவு, சுற்றுத் தோலின் சூடு எதையும் விடவில்லை. சர்வேயர் மண்டையில் ஏறியது நீளமும் அகலமும் மட்டும்தான்.

"இதுக்கா அங்க போய்த் தவம் கிடக்கணும்? அளக்கறது என் தொழில்" என்று வீட்டிலேயே ஆரம்பித்தார். கண்ணாடித்தாளைப் புண்மேல் வைத்து விளிம்பை வரைந்து, பரப்பளவு கணக்குப் போட்டு, வருவோர் போவோரிடமெல்லாம் காட்டினார்.

"பாதியாக் குறைஞ்சிடுச்சு. டாக்டருங்க சும்மா இழுத்தடிக்கறாங்க."

அவர் தம்பி பல்லை இளித்துத் தலையாட்டினான். அண்ணனுக்கு ஆமாம் போட்டே உடம்பை வளர்த்தவன்.

புண்ணின் வாய் சிறுத்தது உண்மைதான். ஆனால் கட்டைப் பிரித்தால் கூடமே நாறியது. பாதம் வேறு உப்பிக்கொண்டு வந்தது.

"நாத்தம் அடிக்குதுங்க. காட்டிட்டு வந்துடலாம்."

"மோப்பம் பிடிக்கறதை விட்டா உனக்கு வேற என்ன தெரியும்?"

அவள் பழைய கட்டுத்துணியை எடுத்துக்கொண்டு போனாள். இவரோடு மல்லுக்கட்டுவதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்.

ஒரு காலை அவருக்குக் குளிர் தூக்கித் தூக்கிப் போட்டது. "அண்ணன் படுத்து எழுந்தா சரியாயிடும், அண்ணி" என்றான் தம்பி.

"வாயை மூடிக்கிட்டு வண்டி கூட்டிட்டு வா."

டாக்டரம்மா விட்ட கம்பி தோலுக்கடியில் வழுக்கிக்கொண்டு போய் எதிலோ தட்டியது. "மேல மூடிக்கிட்டே வந்திருக்கு, உள்ள தோண்டிக்கிட்டே போயிருக்கு. எலும்பு தட்டுது" என்றாள்.

அந்த நிலையிலும் சர்வேயர் தன் தாள்களை நீட்டினார்.

"இதுல ஆழம் எங்க இருக்கு?" என்றாள் டாக்டரம்மா.

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டு கால்விரல்களை எடுக்கும்படி ஆயிற்று.

பிறகு கட்டு மாற்றுவது மனைவியின் வேலையானது. எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். "எப்படி இருக்கு?" என்று அவர் கேட்கும்போதெல்லாம், "காலை ஆட்டாதீங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். அவர் தவிப்பதைப் பார்க்க அவளுக்குக் கொஞ்சம் இதமாகவே இருந்தது. அடியிலிருந்து புதுச்சதை சிவப்பாகப் பொடிப்பொடியாய்க் கிளம்பிய அன்று அவள் சந்தோஷப்பட்டது அந்தக் காலுக்காகத்தான். காலின் சொந்தக்காரருக்கு அதில் பங்கில்லை.

புண் அடியோடு ஆறியது. இனி வெறுங்காலோடு நடக்கவே கூடாது என்று டாக்டரம்மா மெத்தென்ற செருப்பு ஒன்று கொடுத்தாள்; அதை எடுத்து வைப்பதும் மனைவிதான். பார்க்க வந்தவர்களிடம் சர்வேயர், "எல்லாம் மனவுறுதிதான். நானே பாத்து ஆத்திக்கிட்டேன்" என்றார். தம்பி ஆமாம் போட்டான்.

மனைவி தேநீர்த் தட்டைக் கீழே வைத்தாள். "இனிமேலும் நீங்களே பாத்துக்கங்க" என்று சொல்லி, துணிகளை எடுத்துப் பையில் திணித்துக்கொண்டு தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள்.

டாக்டரம்மா கொடுத்த செருப்பைத் தேடி அன்று மாலை அவர் வீடு முழுக்க நொண்டினார். தம்பிக்கும் அது எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.