அத்தனையும் ஒரே முகவரி

அலுவலகத்தின் கணினி சர்வர்களைப் பார்த்துக்கொள்வதால் எல்லோரும் அவளை 'சர்வர் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த அக்காவைத்தான் இன்று காலை மேனேஜர் திருடியாக்கிவிட்டார். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தாலும் பரவாயில்லை. அலுவலகத்தில் இருக்கும் நாற்பது பேருக்கும் அதை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுத்தான் அவளைக் கூப்பிட்டார்.

நடந்தது இவ்வளவுதான். ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் காட்டும் அவர்கள் இணையதளத்துக்கு முன்னால் போன வாரம் அவள் ஒரு சர்வரை வைத்தாள். ரிவர்ஸ் புராக்ஸி என்பார்கள். வருகிறவர்களின் கேள்வியை வாசலிலேயே வாங்கி, உள்ளே இருக்கும் சர்வரிடம் கேட்டு, பதிலைக் கொண்டுவந்து கொடுக்கும். உள்ளே இருப்பதற்கோ எல்லோரும் வாசல் சர்வரின் முகவரியிலிருந்தே வருவதாகத் தெரியும்; வருகையைக் குறித்துவைக்கும் 'லாக்' பதிவேட்டிலும் அதுவே விழும். "வந்தவங்களோட நிஜ முகவரிய தனியா ஒரு வரியில அனுப்புறேன், அதைப் படிச்சு லாக்ல எழுதுங்க" என்று புரோகிராமரிடம் மூன்று முறை சொன்னாள். அவரும் மூன்று முறை தலையாட்டினார். ஆட்டியதோடு சரி.

இன்று லாக்கைத் திறந்த மேனேஜர் கண்ணில் பட்டது, ஆயிரத்து இருநூறு தப்பான பாஸ்வேர்டு. பாஸ்வேர்டு மறக்காத மனிதர் உலகத்தில் யார்? ஆனால் அத்தனைக்கும் எதிரே இருந்தது அவளுடைய சர்வரின் முகவரி.

"நோயாளிங்க ரகசியத்தை நோண்டப் பாத்திருக்கீங்க. கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க." ராஜினாமாக் கடிதம் தயாராக இருந்தது. புரோகிராமர் பக்கத்தில் நின்று நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினோரு வருட உழைப்பு. கடிதத்தை அவள் தள்ளி வைத்தாள்.

"சார், உங்க போன்ல நம்ம சைட்டைத் திறந்து, தப்பா ஒரு பாஸ்வேர்டு அடிங்க."

வேண்டாவெறுப்பாக அடித்தார். லாக்கில் புதிய வரி விழுந்தது. அதே முகவரி.

"இப்ப நோண்டுனது நானா, நீங்களா?"

மேனேஜர் புரோகிராமரைப் பார்த்தார். "நிஜ முகவரியப் படிக்கிற கோடு நாலே வரி சார்... எழுத மறந்துட்டேன்" என்று அவர் முனகினார்.

கடிதம் மெல்ல டிராயருக்குள் போனது. "சரி விடுங்க, ஏதோ குழப்பம். போய் வேலையப் பாருங்க."

மன்னிப்பா? மூச்சே விடவில்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அதே நாப்பது பேருக்கும் எழுதுங்க சார். நான் பாத்துட்டே போறேன்."

முகம் கறுக்க அவர் தட்ட ஆரம்பித்தார்: 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக...'

"கோளாறு இல்ல சார். 'நான் விசாரிக்காம எழுதிட்டேன்'னு போடுங்க."

அவர் வரியை அழித்தார்.