நாற்பது நிமிடத்தில் உறைந்த ஜெல்

கோட்டக்குப்பம் யாஹ்யாவுக்கு ஓமனில் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஜெல் கலக்கும் வேலை. விடுப்பில் வந்திருந்தவன், உடன் வேலை செய்யும் பூவரசன் கொடுத்தனுப்பிய சாமான்களைச் சேர்ப்பதற்காகத் திண்டிவனத்தில் அவன் வீட்டுக்குப் போயிருந்தான். பூவரசனின் மனைவி கலைப்பிரியா வேகவைத்த மல்லாட்டைக் கடலையைக் கொண்டுவந்து வைத்தாள்.

"அவரு அங்க என்னாதான் பண்றாருங்கண்ணே? கேட்டா ஜெல்லு ஜெல்லுன்றாரு."

"நாங்க நோம்புக்கு கடப்பாசி காய்ச்சுவோம்ல, அந்த மாதிரிதாம்மா. ஊத்தறப்ப தண்ணியாட்டம் இருக்கும், அப்பறம் உறைஞ்சிடும். கெணத்துல எண்ணெயோட வேண்டாத கேஸும் வந்துகினு இருக்கும். மருந்த உள்ள எறக்குனா, கேஸு வர்ற பாறை வெடிப்புல போயி உறைஞ்சி அடைச்சிக்கும்."

அப்போது பூவரசனே யாஹ்யாவை வீடியோவில் அழைத்தான். முகம் வெளுத்திருந்தது. கிணற்றுச் சூட்டில் வைத்துச் சோதித்த கண்ணாடிப் பாட்டிலைக் கேமராவுக்கு நேராகச் சாய்த்தான். உள்ளே இருந்தது அசையவில்லை.

"எவ்ளோ நேரத்துல உறைஞ்சிச்சு?"

"நாப்பது நிமிஷம், பாய்."

எட்டு மணி நேரம் ஆக வேண்டியது. பம்ப் செய்யவே மூன்று மணி நேரம் பிடிக்கும். இதை இறக்கினால் பாதி வழியில் குழாய்க்குள்ளேயே உறைந்து கிணறே வீணாகிவிடும்.

"நான்தான் எதையோ தப்பா கலந்துட்டேன். இன்னும் ஒரு மணி நேரத்துல பம்பிங். சீனுவாசன் சாருக்குத் தெரிஞ்சா என்னை ஊருக்கு அனுப்பிடுவாரு."

"எந்த ஷீட்ட பாத்துக் கலந்த?"

"நீ எழுதி வெச்சிட்டுப் போனதுதான்."

பூவரசன் தாளைக் காட்டினான். யாஹ்யாவின் கையெழுத்து. மேலே பத்தொன்பதாம் கிணறு என்றிருந்தது. கீழே இருந்த அளவுகளோ அதற்கு முந்தைய கிணற்றுக்கு உரியவை. பத்தொன்பதில் சூடு அதிகம், உறையவைக்கும் மருந்து பாதிதான் சேர்க்க வேண்டும். ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் பழைய அளவையே எழுதியிருக்கிறான்.

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த கலைப்பிரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அவரு வேலை போயிடுமாண்ணே?"

"அவன் மேல தப்பில்லம்மா. தப்பு என்னுது."

அங்கேயே உட்கார்ந்து இன்ஜினியர் சீனுவாசனை அழைத்தான்.

"சார், நான் எழுதிக் குடுத்த அளவு தப்பு. பம்பிங்க நிறுத்திடுங்க. பூவரசன் பாட்டில் டெஸ்ட் பண்ணதாலதான் தெரிஞ்சிச்சு."

"எட்டு வருஷமா கலக்கற. நீயா யாஹ்யா இப்பிடி?"

"அவசரத்துல பழைய கெணத்து அளவ எழுதிட்டேன் சார்."

"சரி வை. நிறுத்தச் சொல்றேன்."

கலைப்பிரியா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்துப் புதுக் கலவையைப் பம்ப் செய்தார்கள். ஜெல் இறுகும்வரை கிணற்றை மூடிவைத்துத் திறந்தபோது, கேஸ் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. ஆனால் யாஹ்யாவைக் கலவை வேலையிலிருந்து ஸ்டோருக்கு மாற்றியிருப்பதாகக் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. அவன் இடம் பூவரசனுக்கு.

"உன் எடத்துல நிக்க எனக்கு மனசே வரல பாய்" என்றான் பூவரசன் போனில்.

"யாராவது நிக்கணும்ல. நீ நின்னா எனக்குச் சந்தோஷம்தான்" என்றான் யாஹ்யா. பாதி உண்மை, பாதி ஆறுதல்.

மனைவி ஃபஸீஹாவிடம் இரண்டு நாள் தள்ளிப்போட்டுத்தான் விஷயத்தைச் சொன்னான். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "ஸ்டோருன்னா வெயில்ல நிக்க வேணாம்ல?" என்றாள்.

"வேணாம். ஏசி ரூமு."

"அப்ப அதுக்கேன் மூஞ்ச இப்பிடி வெச்சிக்கினு இருக்கீங்க?"

ஒரு வாரத்துக்குப் பிறகு யாஹ்யா அன்றுதான் சிரித்தான்.