கொல்லைக் கதவு

அப்பாவின் சாம்பல் கலயத்தை மடியில் இறுக்கிப் பிடித்தபடி மகள் படகில் உட்கார்ந்திருந்தாள். கரையில் மரக்கடைக்காரர் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றார். அவர் ஏறினால்தான் காரியம் நடக்கும். நீர்த்தேக்கத்தில் மூழ்கிய அவர்கள் தெருவில் எந்த வீடு எங்கே இருந்தது என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான் மிச்சம். ஒருவர் கலயத்துக்குள் இருந்தார். அவருக்கும் மற்றவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அணை கட்டி ஊரை மேட்டுக்கு விரட்டியபோது அவள் கைக்குழந்தை. அப்பா தபால்காரர். தபாலாபீஸ், பக்கத்து வீட்டு மரக்கடைக்காரரின் கொல்லைக்கு நேர் பின்னால் இருந்தது. கொல்லையில் புகுந்தால் நாலு எட்டு. தெரு வழியாகப் போனால் ஊரையே சுற்றவேண்டும். ஒருநாள் அப்பா கொல்லைக் கதவைச் சாத்தாமல் போய்விட்டார். சினை ஆடு ஓடிப்போனது. மறுநாள் கதவில் பூட்டு தொங்கியது. பிறகு தண்ணீர் வந்து கொல்லை, பூட்டு, தபாலாபீஸ் எல்லாவற்றையும் விழுங்கியது. கோபம் மட்டும் நனையாமல் மேட்டுக்கு வந்து சேர்ந்தது. அடியில் தோப்புகள் அழுகி, வருஷக்கணக்கில் நாற்றம் மேடுவரை வந்தது. ஆற்றில் துள்ளிய மீன்கள் போன இடம் தெரியவில்லை. அணைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட, சப்பென்ற ஒரே ஜாதி மீன்தான் இப்போது கிடைக்கிறது.

ஓய்வு பெற்றதும் அப்பா அந்த மீனைப் பிடிக்கக் கிளம்பினார். அதிலும் ஒரு கூத்து. அடியில் தெரு எங்கே திரும்புகிறதோ அங்கேதான் படகும் திரும்பும். அடுத்தவர் வீட்டுக்கு மேலே போவது மரியாதையில்லையாம். மேட்டில் குடியேறிய பழைய ஆட்கள் எல்லோருமே அப்போது அப்படித்தான். அணையைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள், பரந்த தண்ணீரில் இரண்டு படகுகள் முட்டுச்சந்தில் மாட்டியதுபோல் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, குடித்திருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

சாகக்கிடந்தபோது அப்பா இரண்டு உத்தரவு போட்டார். சாம்பலை நம்ம வீட்டு வாசலில் கரைக்கவேண்டும். அந்த ஆள் என் சாவுக்கு வரக்கூடாது. இரண்டையும் சேர்த்து நிறைவேற்ற வழியே இல்லை. அழுது முடித்த கையோடு அவள் மரக்கடைக்குப் போய் நின்றாள். அவர் கடையை இழுத்துப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

கடைசியில் செருப்போடுதான் ஏறினார். தெருவில்தானே போகிறோம், தப்பில்லை என்று தானே சொல்லிக்கொண்டார். இயந்திரத்தைப் பிடித்திருந்த அவள் புருஷனை எண்ணெய்க்கடை முக்கில் இடது பக்கம், பள்ளிக்கூடத்துக்கு எதிரே மெதுவாக என்று ஆட்டிவைத்தார். புருஷன் வெளியூர்க்காரன். பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினான்.

"நிறுத்துங்க தம்பி. இதான் உங்க வாசல்மா."

சுற்றிலும் ஒரே தண்ணீர். அவள் கலயத்தைச் சாய்த்தாள். அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்து, பாதிச் சாம்பலைப் பக்கத்து வீட்டுப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டது. அவள் பயந்துபோய் மரக்கடைக்காரரைப் பார்த்தாள்.

அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாரேன். செத்தும் என் கொல்லை வழியாத்தான் போறான்," என்றார். பிறகு துண்டில் மூக்கைச் சிந்தினார். வெகுநேரம் சிந்தினார்.

புருஷன் வந்த வழியே படகைத் திருப்பப் போனான். மரக்கடைக்காரர் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எதுக்குச் சுத்திக்கிட்டு? நம்ம கொல்லைக்குள்ள விடுங்க. கிட்டத்துல போயிரலாம்."

படகு முதல்தடவையாக நேர்கோட்டில் போனது. இப்போ தபாலாபீஸ் என்று அவர் சொன்னதும், மகள் பின்னால் திரும்பி, தண்ணீருக்கு மேல் கையை நீட்டி, இல்லாத கதவை இழுத்துச் சாத்தினாள்.