வெங்காய வேர்நுனியில் ஒரு பாகப்பிரிவினை

வெங்காயத்தின் செல் இரண்டாகப் பிரிவதற்கு முன் மத்தியஸ்தம் பேச ஓர் ஆள் கேட்கும். ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில், பதினொன்றாம் வகுப்பு உயிரியல் செய்முறையின்போது அந்த ஆளாக இருப்பது மாணவிகளின் வேலை. வேர்நுனியை வெட்டி, சிவப்புச் சாயம் விட்டு, லேசாகச் சூடு காட்டி, மேலே மெல்லிய கண்ணாடியை வைத்துக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்க வேண்டும். செல் பிரிந்தால் மதிப்பெண். பிரியாவிட்டால் பிரியும்வரை எழுந்திருக்கக் கூடாது. பேச்சின் பாதியில் எழுந்துபோகிற மத்தியஸ்தரை எந்த ஊரில் மதித்திருக்கிறார்கள்?

ஜன்னலோரத்து ஸ்டூலில் எஸ்தர் ரூபி மூன்று வருடங்களாக உட்கார்ந்திருந்தாள். அவளுடைய செல்லில் இரு தரப்பும் பேச்சுவார்த்தையையே நிறுத்திவிட்டன. கூடப் படித்தவர்கள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். அவளுக்கு நிச்சயதார்த்தம்கூட அந்த ஸ்டூலில் வைத்துத்தான் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக நின்று அவளுடைய பின்னந்தலையைப் பார்த்தார்கள். பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கனிஷ்காவுக்கு அந்தப் பின்னந்தலையைப் பார்க்கும்போதெல்லாம் பயம் வரும். அவள் பள்ளிக் கபடி அணியில் பாடிப் போகிறவள். ஓரிடத்தில் உட்காருவது என்பது அவளுக்கு ஆகாத காரியம். இருந்தாலும் திருப்புதல் தேர்வன்று காலையில் அவளும் உட்கார்ந்தாள். லென்ஸுக்குள் கண் பழகியதும், பயத்தை மீறிக்கொண்டு வேடிக்கை பார்க்கும் ஆசை வந்துவிட்டது.

செல்லின் நடுவில் பதினாறு குரோமோசோம்களும் பந்திக்குக் காத்திருக்கிற மாதிரி ஒரே வரிசையில் நின்றன. ஒவ்வொன்றும் தன் நகலோடு ஒட்டி இரட்டையாக இருந்தது. பிறக்கப்போகும் சேய் செல்கள் இரண்டும் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்து, இழைகளைக் கயிறு மாதிரி பிடித்துக்கொண்டிருந்தன. இழுக்க வேண்டியதுதான் பாக்கி. இரண்டும் இழுக்கவில்லை.

"என்ன பிரச்சினை?" என்று கனிஷ்கா கேட்டாள்.

"மூத்தவதானே பங்கு வைக்கணும்? நான்தான் மூத்தவ," என்றது இடது முனை.

"அவ நகலு. அசலு நானு," என்றது வலது முனை.

அந்த வட்டாரத்தில் மூத்தவர் பங்கு வைப்பார், இளையவர் முதலில் எடுப்பார். வைப்பவருக்கு மரியாதை, எடுப்பவருக்கு லாபம். இந்தச் சகோதரிகளுக்கு லாபம் ஒரு பொருட்டாக இல்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இங்கே இன்னும் வாயும் வயிறும் வரவில்லை, அதற்குள் மரியாதை வந்துவிட்டது.

"எல்லாம் ரெண்டு ரெண்டா சமமாத்தானே இருக்கு. ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கங்களேன்," என்றாள் கனிஷ்கா.

இரண்டு முனைகளும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டன. சீட்டுக் குலுக்கிப் போடலாமா என்று கேட்டதற்கு, குடும்ப விஷயத்தைச் சீட்டுக்கு விடுவதா என்று ஏசின. இடது பக்கத்துக்குப் பரிந்து பேசினால் வலது பக்கம் திட்டியது. வலது பக்கம் சாய்ந்தால் இடது பக்கம் அழுதது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

உமையாள் மிஸ் மேசை மேசையாக வந்து கனிஷ்காவின் பின்னால் நின்றார்.

"எந்த நிலையில இருக்கு?"

"மெட்டாநிலை மிஸ். நடுவுல நிக்கிது."

"பிரிஞ்சு அனாநிலைக்கு வரணும்டி. வீட்டுல சொல்லி, சாப்பாடு கொண்டுவரச் சொல்லட்டுமா?"

எஸ்தருக்கும் முதல் நாள் சாப்பாட்டில்தான் ஆரம்பித்தது. கனிஷ்காவுக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. மாவட்டப் போட்டிக்கு அணி கிளம்புவதை இந்த ஸ்டூலிலிருந்து காதால் கேட்க வேண்டியிருக்கும் என்று நினைத்தாள். அழுதால் லென்ஸில் ஆவி படியும் என்பதால் அடக்கிக்கொண்டு பாடத்தை முதலிலிருந்து யோசித்தாள். நகல் எப்படி எடுத்தார்கள்? பார்த்து எழுதியா? அப்படி இல்லையே.

"ஏங்க, பிரியறதுக்கு முன்னாடி ஒரு ஏணி இருந்துச்சுல்ல?" என்று கேட்டாள்.

"டி.என்.ஏ. ஏணி. இருந்துச்சு," என்றன இரண்டும்.

"அத ரெண்டாப் பொளந்து, ஒவ்வொரு பாதிக்கும் புதுசா ஒரு பாதி கட்டுனாங்க. அப்ப உங்க ரெண்டு பேருகிட்டயும் இருக்கறது பழசு பாதி, புதுசு பாதி. முழு அசலுன்னு யாரும் இல்ல. முழு நகலுன்னும் யாரும் இல்ல. ரெண்டு பேரும் பாதி மூத்தவ, பாதி இளையவ."

இரண்டு முனைகளும் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தின.

"அப்ப யாரு வைக்கறது?" என்றது வலது முனை, குரலைத் தாழ்த்தி.

"ரெண்டு பேரும் வையுங்க. ரெண்டு பேரும் எடுங்க. ஒரே நேரத்துல."

கயிறுகள் விறைத்தன. ஒட்டியிருந்த ஜோடிகள் ஒவ்வொன்றும் நடுவில் விலகி, பதினாறு இந்தப் பக்கமும் பதினாறு அந்தப் பக்கமும் நழுவிப் போயின. அத்தனை அழகான ஒன்றைக் கனிஷ்கா அதுவரை பார்த்ததில்லை. உமையாள் மிஸ் குனிந்து பார்த்து முழு மதிப்பெண் போட்டார். அதற்குள் நடுவில் சுவரும் எழும்பிவிட்டது.

எழுந்திருக்கப் போனவளை இரண்டு வீடுகளிலிருந்தும் கூப்பிட்டார்கள். பிரிவினை முடித்துக்கொடுத்த மத்தியஸ்தர் கை நனைக்காமல் போகக் கூடாது. இரண்டு வீட்டிலும் இலை போட்டாயிற்று. எந்த வீட்டுக்கு முதலில் போகிறாளோ அந்த வீட்டுக்காரி மூத்தவளாகிவிடுவாள். பேசி முடித்ததெல்லாம் பாழாகும், அவளும் திரும்ப ஸ்டூலில் உட்கார வேண்டியதுதான்.

"மிஸ், ரெண்டு வீட்டுக்கும் ஒரே நேரத்துலதான் போகணும்," என்றாள்.

"ஆமா, அதுதான் முறை," என்றார் உமையாள் மிஸ். பக்கத்து மேசையிலிருந்து இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

கனிஷ்கா இரண்டு வீட்டிலும் வயிறாரச் சாப்பிட்டாள். சாயங்காலம் மணி அடித்ததும் இரண்டு கனிஷ்காக்களும் பையை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.

"சாம்பார் நல்லா இருந்துச்சு," என்றாள் ஒருத்தி. "பாயசம் அதைவிட நல்லா இருந்துச்சு."

மற்றவள் தன் முறைக்குப் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எனக்குப் பாயசம் போடலியே," என்றாள்.