ஏழாம் தறியிலிருந்து கிளம்பிய நாடா

1977ஆம் வருடம் ஆடித்தபசு முடிந்த மூன்றாம் நாள், காலை பதினொன்றே காலுக்கு, சங்கரன்கோவில் நெல்லைநாயகம் பிள்ளையின் தறிக்கூடத்தில் ஏழாம் தறியிலிருந்து தெறித்த நாடா, அந்தத் தறியை ஓட்டிய தங்கத்தாயின் இடது கண்ணைப் போக்கிவிட்டு, தரையில் விழாமல் நாலே முக்கால் அடி உயரத்தில் அந்தரத்தில் நின்றது. நாடா என்பது ஊடைநூலைச் சுமந்துகொண்டு தறியின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஓடுகிற மரக்கட்டை. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான நீளம், இரண்டு முனையிலும் இரும்புக் கூர். நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் ஓடுகிற கட்டை எப்போதாவது வழி தப்பத்தான் செய்யும். ஆள்மீது படாமல் தடுக்கத் தறியின் முன்னால் ஒரு காவல் கம்பி உண்டு. அந்தக் கூடத்தில் இருபத்து நான்கு தறிகளின் கம்பிகளையும் பங்குனியிலேயே கழற்றி, கட்டாகக் கட்டி மூலையில் போட்டிருந்தார்கள். அறுந்த இழையை முடிச்சுப் போடக் கம்பி இடைஞ்சலாக இருந்தது. தபசுக்குள் துண்டு வேண்டும் என்று வியாபாரிகள் நெருக்கினார்கள். முதலாளி சொல்லி அவற்றைக் கழற்றியவன் தறிகளைப் பழுது பார்க்கும் மேஸ்திரி காளிராஜ். தங்கத்தாயின் புருஷன்.

நெல்லைநாயகம் பிள்ளை கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. வாடகைக் கார் பிடித்து, தானே முன்சீட்டில் உட்கார்ந்து, தங்கத்தாயை மதுரைக்குக் கொண்டுபோனார். ராஜபாளையம் தாண்டுவதற்குள் காளிராஜிடம் பேசியும் முடித்துவிட்டார். “ஆஸ்பத்திரில தறின்னு வாயத் தொறந்துராத. தறின்னா ஆபீசர் வருவான். வந்தா மொதல்ல கம்பி எங்கன்னுதாம்ல கேப்பான். கழத்தினது யாரு? என்னை விடு, உன்னை யாரு காப்பாத்துவா?” காளிராஜ் மடியில் கிடந்த பெண்டாட்டியின் தலையைப் பார்த்தான். கட்டியிருந்த துண்டு அதே கூடத்தில் நெய்தது. ஆஸ்பத்திரியில் எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டபோது, விறகு பிளக்கையில் சிராய் தெறித்தது என்றான். டாக்டர் அதை எழுதிக்கொண்டார். பத்தொன்பது நாள் கழித்து ஒரு கண்ணோடு வீடு திரும்பிய தங்கத்தாய், வாசல்படி ஏறும்போதுதான் வாயைத் திறந்தாள்.

“நம்ம வீட்ல மண்ணெண்ண அடுப்புல்லா எரியுது. வெறகு ஏது?”

“நான் என்னட்டி செய்ய? எழுதினா எங்கைதாம்லா முன்னால நிக்கும்.”

“உங்க கை இருக்கு. எங்கண்ணு எங்க போச்சுன்னு கேக்கேன்.”

அன்று தொடங்கி காளிராஜ் அவளுக்கு வலது பக்கமாகவே நடந்தான், வலது பக்கமாகவே படுத்தான். இடது பக்கம் வருவதற்கு அவனுக்குத் தைரியம் இல்லை என்பதை அவள் புரிந்துகொண்டாள்.

நாடா நின்றது நின்றபடி இருந்தது. முதல் நாள் இரண்டு பேர் சேர்ந்து இழுத்தார்கள். மறுநாள் கயிறு கட்டி எட்டுப் பேர் இழுத்தார்கள், கயிறு அறுந்தது. கொல்லன் சம்மட்டியால் அடித்தான், சம்மட்டிப் பிடி உடைந்தது. தொட்டால் லேசாகச் சூடு இருந்தது. காதை வைத்துக் கேட்டவர்கள் உள்ளே ஓட்டத்தின் இரைச்சல் இன்னும் கேட்கிறது என்றார்கள். நாலாம் நாள் தறிகளை ஓட்டிவிட்டார்கள், ஓட்டாமல் எத்தனை நாள் இருப்பது? ஏழாம் தறிக்கும் எட்டாம் தறிக்கும் நடுவே போகிறவர்கள் தலையைக் குனிந்து போனார்கள். ஐப்பசி அடைமழைக்குள் அது பழக்கமாகிவிட்டது. அங்கே வேலை பார்க்கிறவர்களைப் பஜாரில் வைத்துக்கூட அடையாளம் கண்டுபிடிக்கலாம், நாலடி நடந்தால் ஒருமுறை குனிவார்கள் என்று ஊரில் சொன்னார்கள்.

கூடத்தின் குமாஸ்தா அப்துல் ஜப்பார். ஐம்பது வயது, முத்து முத்தான கையெழுத்து. வேலை செய்யும் இடத்தில் அடிபட்டு ஒருவர் இரண்டு நாளுக்கு மேல் வர முடியாமல் போனால், முதலாளி தொழிற்சாலை ஆய்வாளருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும், பெயர், நேரம், காரணம், அடிபட்ட உறுப்பு எல்லாவற்றையும் விபத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது சட்டம். ஜப்பாருக்கு அது மனப்பாடம். தங்கத்தாய்க்கு அடிபட்ட அன்று சாயங்காலமே பதிவேட்டைத் திறந்து பேனாவில் மையும் ஊற்றிவிட்டார். மதுரையிலிருந்து திரும்பிய முதலாளி அதை மெதுவாக மூடி, வேறொரு நோட்டை முன்னால் தள்ளினார். அது வருகைப் பதிவேடு. அதில் தங்கத்தாய்க்கு அன்று லீவு போடச் சொன்னார். ஜப்பார் போட்டார். வருடக் கடைசியில் விபத்துப் பதிவேட்டில் “இல்லை” என்று ஒரு வார்த்தை எழுதினார். அன்று வீட்டுக்குப் போய், எழுதாததால்தான் அந்த விபத்து நடந்து முடியாமல் நாடாவாக அங்கேயே நிற்கிறது என்று மனைவி கதீஜம்மாளிடம் சொன்னார். “அப்போ எழுதிர வேண்டியதுதான?” என்றாள் அவள். பிறகு, கட்டிக்கொடுக்க வேண்டிய மூன்று மகள்களும் சோற்றுக்கு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அவளும் சோறு போடப் போய்விட்டாள்.

ஒற்றைக் கண்ணோடு தறி ஓட்ட முடியாது. தங்கத்தாயைத் தார் சுற்றும் பக்கத்துக்கு மாற்றினார்கள். நாடாவுக்குள் வைக்கிற சின்னக் கட்டைகளில் நூல் சுற்றுகிற வேலை. அவள் உட்காரும் இடத்துக்கு இடது கைப்பக்கம் பத்தடியில் நாடா நின்றது. திரும்பினால் தவிர அவளுக்கு அது தெரியாது. நெல்லைநாயகம் பிள்ளை கோமதியம்மன் சன்னதியில் வெள்ளிக் கண்மலர் வாங்கிச் சாத்தினார். பெயர் என்ன, நட்சத்திரம் என்ன என்று குருக்கள் கேட்டபோது, தங்கத்தாய், பூசம் என்று தெளிவாகச் சொன்னார். நாடா நின்ற இடத்தில் ஒரு வேட்டியையும் தொங்கவிட்டார்.

1980 மாசியில் ஆய்வாளர் வந்தார். இளைஞர், நல்ல மனுஷன். வேட்டியை விலக்கிப் பார்த்தார்.

“என்னய்யா இது?”

“நாடாங்கய்யா” என்றார் ஜப்பார்.

“ஏன் இங்கே நிற்கிறது?”

“விழல.”

தங்கத்தாய் எழுந்து வந்தாள். தலைமுக்காட்டை விலக்கி, குழிந்த இடத்தைக் காட்டினாள். நாள், கிழமை, நேரம், தறி நம்பர் சொன்னாள். ஆய்வாளர் முழுவதும் கேட்டார். விபத்துப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். இல்லை, இல்லை, இல்லை. வருகைப் பதிவேட்டைப் புரட்டி, அந்த நாளில் விரலை வைத்து நிறுத்தினார்.

“அன்றைக்கு நீங்கள் லீவும்மா.”

“லீவுன்னா இது எப்படிங்கய்யா என் மொகத்துக்கு வந்துச்சு?”

அவர் ஆஸ்பத்திரிச் சீட்டைக் கேட்டார். அதில் விறகுச் சிராய் இருந்தது. காளிராஜைக் கூப்பிட்டுக் கேட்டார். காளிராஜ் முதலாளியைப் பார்க்கவில்லை, பெண்டாட்டியையும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்து “வெறகுதாங்கய்யா” என்றான். ஆய்வாளர் வெகுநேரம் நாடாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை. குடிதண்ணீர்ப் பானைக்கு மூடி இல்லை என்று ஒரு குறை எழுதிவிட்டு, குனிந்து வெளியே போனார். அவர் போன பிறகு காளிராஜ், மூலையில் கிடந்த கட்டிலிருந்து ஒரு கம்பியை உருவி, யாரும் சொல்லாமலே ஏழாம் தறியில் மாட்டினான். மறுநாள் முதலாளி கழற்றச் சொன்னார். கழற்றினான்.

அதன் பிறகு நான்கு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. பஸ் கட்டணம் ஏறியது. ஒரு வருடம் மழை இல்லாமல் திருவேங்கடம் பக்கம் கரிசல் முழுக்க வெடித்துக் கிடந்தது. 1984 வைகாசியில் கடைசி மகளையும் கட்டிக்கொடுத்த ஜப்பார், அடுத்த திங்கட்கிழமை மதியம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், விபத்துப் பதிவேட்டைத் திறந்து எழுதினார். பெயர், வயது, நேரம், தறி, காவல் கம்பி இல்லாதது, இடது கண். எழுதி முடித்துத் தலையை நிமிர்த்தியபோது கூடத்தில் மரம் முறிவதுபோல் ஒரு சத்தம். ஓடிப் பார்த்தார். நாடா ஒரு சாண் இறங்கி நின்றது.

சாப்பிட்டுவிட்டு வந்த தங்கத்தாயிடம் நடந்ததைச் சொன்னார். அவள் நாடாவின்மேல் கையை வைத்துப் பார்த்தாள்.

“மிச்சத்தையும் எழுதிருங்க பாய்.”

“மிச்சம் மொதலாளி கையெழுத்தும்மா. அது எங்கிட்ட இல்லலா.”

நெல்லைநாயகம் பிள்ளை பக்கத்தைப் படித்தார். கிழிக்கவில்லை, பக்கங்களுக்கு எண் உண்டு. கையெழுத்துப் போடும் இடத்தில் பேனாவைக் கொண்டுபோய், எடுத்துவிட்டார். “பாய், இத்தன வருசம் கழிச்சுப் போட்டா, இத்தன வருசமும் போடலைன்னுல்லா ஆகும். எனக்கும் வழி தெரியல வே. இனிமே நீரு வீட்ல இரும்” என்றார். ஜப்பார் வீட்டில் இருந்துகொண்டே ஒரு நகல் எழுதி, பதிவுத் தபாலில் ஆய்வாளர் அலுவலகத்துக்கு அனுப்பினார். பதினோரு மாதம் கழித்து அது திரும்பி வந்தது. விபத்து அறிக்கையை முதலாளிதான் அனுப்ப வேண்டும், காலக்கெடுவும் கடந்துவிட்டது, ஆகவே திருப்பப்படுகிறது என்று ஒரு துண்டுக் காகிதம் குத்தியிருந்தது. ஜப்பார் அதை எடுத்துக்கொண்டு தங்கத்தாய் வீட்டுக்குப் போனார்.

“என்னால ஒரு சாண்தான் முடிஞ்சுது, தாயி.”

“அதாவது முடிஞ்சுதே, பாய்” என்று அவள் அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். காளிராஜ் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டான்.

1987இல் நெல்லைநாயகம் பிள்ளைக்குப் பாரிச வாயு கண்டு வலது கை விழுந்தது. இனி அவரால் எதிலும் கையெழுத்துப் போட முடியாது. பிள்ளைகள் கூடத்தைப் புளியங்குடி எலுமிச்சை வியாபாரி சேக் மைதீனுக்கு விற்றார்கள். பத்திரத்தில் தறி இருபத்து நான்கு, மோட்டார் இருபத்து நான்கு என்று வரிசையாக எழுதி வந்த பத்திர எழுத்தர், நாடா ஒன்று, அந்தரத்தில், உள்ளது உள்ளபடி என்றும் சேர்த்துக்கொண்டார். சாட்சிகள் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அன்று நாடா அசைகிறதா என்று தங்கத்தாய் பார்த்துக்கொண்டே இருந்தாள். அசையவில்லை. பத்திரத்தில் கண் இல்லை.

சேக் மைதீன் வேட்டியை எடுத்துவிட்டு, சுற்றிப் போக வசதியாகப் பாதையை அகலமாக்கினார். தார் சுற்ற வந்த புதியவர்களில் ரசீதா என்று முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, முதல் நாள் சோற்றுப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். தரையெல்லாம் பஞ்சுத் தூசி, சுவரில் ஆணி கிடையாது.

“யக்கா, இதுல மாட்டலாமா?”

தங்கத்தாய் இடது பக்கமாக முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தாள், பிறகு நாடாவைப் பார்த்தாள்.

“மாட்டு. தாங்கும்.”