வடக்குச் சுவருக்குள் ஒரு கட்டை

அந்த அம்மாளின் இடது கையை உடைத்தவன் நான். பன்னிரண்டு பவுண்டு சம்மட்டி. முப்பத்தொரு வருஷம் ஆகிறது. கல் விழுந்து உடைந்தது என்று யாராவது உங்களிடம் சொன்னால் அது பொய். அந்தப் பொய்யை முதலில் சொன்னவளும் அவள்தான்.

அப்போது நான் கட்டிடம் உடைக்கும் மேஸ்திரி. என்னிடம் எட்டு ஆள். பெண்கள் கல்லூரியின் பழைய வாசிப்புக் கூடத்தை இடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்ட கல்லூரி முதல்வர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அந்த நாற்காலியில் இவள் வந்து உட்கார்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. எனக்கு அதெல்லாம் எதற்கு? உத்தரவு இருந்தது, உடைத்தேன். வடக்குச் சுவரில் இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே ஒரு தூண். மேலே வளைவுகளுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு அதைச் சாய்த்துக்கொண்டிருந்தேன்.

"நிறுத்துய்யா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். வந்தவள் தூணின் மேல் கையை வைத்தாள்.

எத்தனையோ வீட்டுக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அழுவார்கள், சாபம் விடுவார்கள், சட்டையைப் பிடிப்பார்கள். சம்மட்டி இறங்கும்போது மட்டும் கையை எடுத்துவிடுவார்கள். இவள் எடுக்கவில்லை. காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். முழங்கைக்குக் கீழே கை வேறு பக்கம் பார்த்தது. என் கால் மேலேயே வாந்தி எடுத்தாள். அப்படியே உட்கார்ந்து, வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "இப்பவாவது நிறுத்துவியா?"

போலீஸ் வந்தது. "கல் விழுந்துச்சு" என்றாள். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இரக்கம் என்று நான் ஒரு நிமிஷமும் நினைக்கவில்லை. படித்தவர்கள் எதையும் சும்மா விடமாட்டார்கள். ஒரு வாரம் கழித்து, மாவுக்கட்டோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது அது சரி என்று ஆயிற்று.

"நாளைக்கு வேலைக்கு வா, மேஸ்திரி. அந்தத் தூணைத் திருப்பிக் கட்டணும்."

"நான் உடைக்கிறவன்ம்மா. கட்டினதே இல்ல."

"எதை எடுத்தா எது விழும்னு தெரியும்ல? அப்ப எதை வெச்சா எது நிக்கும்னும் தெரியும். வா."

"வரலன்னா?"

"என் கை நல்லாத்தான் வலிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போனேன். வேறு வழி? அவள் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் நான் உள்ளே. சுண்ணாம்பை நனைத்துப் புளிக்கவிட்டு, மணலோடு அரைத்து, பழைய செங்கல்லையே சுரண்டிச் சுத்தம் பண்ணி அடுக்கினேன். அடுக்கும்போது எனக்குள் ஒரு யோசனை ஓடியது. இவள் கையில் என் குடுமி இருக்கிறது. என் கையிலும் ஏதாவது இருக்க வேண்டாமா?

தூணின் அடியில் நாலு செங்கல் வரிசை உயரத்துக்குக் குழி விட்டேன். வைரம் பாய்ந்த மரக்கட்டை ஒன்றை அறுத்து அதில் நிறுத்தி, பாரம் முழுக்க அதன் தலையில் இறக்கினேன். மற்றத் தூண்களுக்கு இருப்பது போலவே முன்னால் அடிப்பலகையை வைத்து மூடி ஆணி அடித்தேன். என்றைக்காவது அவள் என்னைக் காட்டிக்கொடுத்தால், பலகையைப் பெயர்த்துக் கட்டையைத் தட்டிவிட வேண்டியதுதான். தூண் உட்காரும், இரண்டு பக்க வளைவும் கூடவே வரும், அவள் கூடம் மண்.

அவள் காட்டிக்கொடுக்கவே இல்லை. நானும் கட்டையை எடுத்துவிட்டுச் செங்கல் வைக்கவே இல்லை. இன்றைக்கு மாறாதவள் நாளைக்கு மாறமாட்டாள் என்று என்ன நிச்சயம்? ஒரே ஒருவனிடம்தான் சொன்னேன். என் மகனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தபோது, உன் அப்பன் எப்படிப்பட்ட ஆள் பார் என்று பெருமைக்குச் சொன்னேன்.

அந்தக் கல்லூரியிலேயே தங்கிவிட்டேன். ஒரு சுவர் முடிந்தால் அடுத்த சுவர் காத்திருக்கும். அவள் சட்டைக் கை எப்போதும் வெள்ளையாக இருக்கும். பிள்ளைகள் வைத்த பேர் சுண்ணாம்பு. "சுண்ணாம்பு வருது, புத்தகத்தைத் திற" என்பார்கள். அவளுக்கும் தெரியும். ஊரில் எந்தப் பழைய கட்டிடத்தில் நோட்டீஸ் ஒட்டினாலும் போய் நிற்பாள். தபால் ஆபீஸ் முன்னால் நின்றதற்கு ஒருத்தன் கல்லால் அடித்து முன்பல் இரண்டைக் கொட்டினான். ரத்தத்தைத் துப்பிவிட்டு அங்கேயே நின்றாள். தபால் ஆபீஸும் நிற்கிறது. புருஷன் என்று ஒருத்தர் இருந்தார். "அவ செங்கல்லைக் கட்டிக்கிட்டவ, நான் சும்மா பக்கத்து வீடு" என்பார். கொஞ்ச நாளில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

இவளுக்குப் பிள்ளைகள் முக்கியமா, செங்கல் முக்கியமா என்று எனக்குப் பல வருஷம் சந்தேகம். ஒருநாள் மத்தியானம் ஒரு தகப்பன் கத்தியோடு வந்தான். மகளை இழுத்துப்போய் எவனுக்கோ கட்டிவைக்க வேண்டுமாம். அந்தப் பெண்ணைக் கூடத்துக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போடச் சொன்னாள். என் கலவை கிளறும் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு வாசலில் நின்றாள். அவன் அவள் தோளைக் கிழித்தான். அவள் அவன் மூக்கை உடைத்தாள். அவன் தரையில் கிடந்தபோதும் இன்னும் இரண்டு போட்டாள், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் என்னிடம் சொன்னாள்: "இந்த ஊர்ல ஒரு பொண்ணு உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்க வேற எந்த ரூம் இருக்கு, சொல்லு."

அந்தப் பெண் உள்ளே சாய்ந்து உட்கார்ந்திருந்தது வடக்குச் சுவரில். அன்றைக்காவது நான் கட்டையை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை.

இந்த வருஷம் நிர்வாகக் குழுவில் இருந்தவர்கள் கூடத்தையும் அந்த இடத்தையும் ஒரு பில்டருக்குக் கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். அவள் தடை உத்தரவு வாங்கினாள். பழைய கட்டிடம், தானாக விழுகிற நிலையில் இருந்தால் மட்டுமே இடிக்கலாம் என்று உத்தரவில் இருந்தது. வியாழக்கிழமை விசாரணை. அதற்கு முன்னால் கூடம் கொஞ்சமாவது தானாக விழ வேண்டும். அதற்கு ஆள் பிடித்தார்கள். அந்த ஆள் என் மகன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. நான் வெளியே கலவை கிளறிக்கொண்டிருந்தேன். ஆறு பேரோடு வந்தான். என்னைப் பார்த்ததும் ஒரு நொடி தயங்கினான்.

"நீ இன்னிக்கு லீவுன்னு சொன்னாங்களே."

"யாருடா சொன்னது?"

கதவை உதைத்துத் திறந்தார்கள். உள்ளே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், நூலகக்காரப் பெண், அந்த அம்மாள். எழுபத்திரண்டு வயசு, ஓய்வு பெற்றும் தினமும் கூடத்துக்கு வருவாள். எழுந்து நடுவே வந்தாள்.

மகனோடு வந்தவர்களில் பல்லன் என்று ஒருத்தன். "கிழவி, வழிய விடு. உனக்குப் புதுசா ஒரு கல்லறை கட்டித் தர்றோம்" என்றான்.

"உன் அளவுக்கு முதல்ல ஒண்ணு வெட்டிக்கோ."

நாற்காலியைத் தூக்கி அடித்தான். அவள் நெற்றி பிளந்து ஒரு கண்ணை ரத்தம் மூடியது. நூலகக்காரப் பெண் குறுக்கே வந்தாள், அவளைத் தலைமுடியைப் பிடித்து அலமாரியில் மோதினார்கள். பிள்ளைகள் அலறிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள். எந்தச் சுவர் என்கிறீர்கள்? வடக்குச் சுவர்.

என் மகன் இங்கே அங்கே பார்க்கவில்லை. நேராகத் தூணுக்குப் போய்க் குனிந்தான். கடப்பாரையை அடிப்பலகையில் சொருகினான்.

"டேய், அதைத் தொடாதே!"

"நீதானேப்பா சொல்லிக் குடுத்தே!"

"பிள்ளைங்க இருக்குடா!"

"போகச் சொல்லு. ஓடுங்கடி!" என்று கத்திக்கொண்டே நெம்பினான். பலகை பெயர்ந்து வந்தது. கடப்பாரையைக் கட்டைக்கு அடியில் கொடுத்தான்.

சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பெற்ற பிள்ளை என்று பார்க்கவில்லை. முழங்காலில் போட்டேன். எலும்பு உள்ளே நொறுங்கியது என் கைப்பிடியில் தெரிந்தது. விழுந்தான். விழும்போது கடப்பாரையை விடவில்லை. அவன் எடை முழுவதும் அதன் மேல் இறங்க, கட்டை பாதி வெளியே வந்தது.

தூண் முனகியது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். உடைத்துத் திரிந்த காலம் முழுக்க அதற்காகத்தான் காத்திருந்து பிழைத்தேன்.

"தெற்குப் பக்கம்! எல்லாரும் தெற்குப் பக்கம்!" என்றேன். அந்த அம்மாள் ஏன் என்று கேட்கவில்லை. கண்ணில் ரத்தத்தோடு பிள்ளைகளைப் பிடித்துப் பிடித்து எறிந்தாள். ஒரு பெண்ணைக் காலால் உதைத்துத் தள்ளினாள். கடைசிப் பிள்ளை நகர்ந்தது, வளைவு இறங்கியது.

தூசி அடங்கியபோது பல்லனின் தலை இருந்த இடத்தில் செங்கல் இருந்தது. என் மகனின் உடைந்த கால் தொடை வரைக்கும் உள்ளே. கத்தினான், கத்தினான், அப்புறம் கத்தவில்லை. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். நானும் அவளும்தான் கல்லை எடுத்தோம். அந்தக் கோணல் கையால் எடுத்தாள். விரல் நகம் இரண்டு பெயர்ந்தது.

அவன் காலை வெட்டி எடுத்துவிட்டார்கள். புதன்கிழமை ஆஸ்பத்திரியில் கண் விழித்த மகன் என் சட்டையைப் பிடித்தான்.

"அப்பா, பழசு, தானா விழுந்துச்சுன்னு சொல்லு. நாங்க காப்பாத்தப் போனோம்னு வக்கீல் எழுதி வெச்சிருக்காரு. நீ வாயத் திறந்தா பல்லன் சாவு என் தலையில."

மருமகள் என் காலடியில் உட்கார்ந்தாள். "ஒரு கால எடுத்துட்டீங்க மாமா. மிச்சத்தையும் உள்ள தள்ளிடாதீங்க."

நான் வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். நெற்றியில் பதினாலு தையலோடு அந்த அம்மாள் வந்தாள். துணியில் சுற்றியிருந்ததை என் மடியில் வைத்தாள். கட்டை.

"இது என்ன, மேஸ்திரி?"

சொன்னேன். எப்போது வைத்தேன், எதற்கு வைத்தேன், எல்லாம். சொல்லி முடிக்கும் முன்னாலேயே அதை எடுத்து என் தாடையில் அடித்தாள். பெஞ்சிலிருந்து கீழே போனேன். வாயில் பல் கழன்று உருண்டது. நர்ஸ் ஓடிவந்தாள், "நீ போம்மா" என்று அந்த அம்மாள் நர்ஸை விரட்டினாள்.

"முப்பத்தொரு வருஷம்" என்றாள். "ஊரான் வீட்டுப் பொண்ணுங்களை அதுக்குக் கீழ உக்கார வெச்சிருக்கேன். படிங்க, இங்கதான் பத்திரம்னு. உன்ன நம்பி."

"உங்கள நான் நம்பல. அதான்."

"கைய உடைச்சவன ஜெயிலுக்கு அனுப்பாதது போதலையா?"

"அதனாலதான் நம்பல."

கட்டையைத் திரும்பத் துணியில் சுற்றினாள். "நாளைக்கு என்ன சொல்லப் போற? இத நான் காட்டினா நானே செஞ்சு வெச்சேன்னு பில்டர் வக்கீல் சொல்லுவான். கட்டினவன் சொன்னாத்தான் எடுபடும்."

"அவன் என் மகன்ம்மா."

"தெரியும். அவனுக்காக நான் அழுவேன்னு நினைக்காத." எழுந்து போய்விட்டாள். கெஞ்சுவாள் என்று காத்திருந்தேன். கெஞ்சியிருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருப்பேன்.

ராத்திரி முழுக்கத் தூங்காமல் இப்படிப் புரண்டேன், அப்படிப் புரண்டேன் என்று நான் கதை விடமாட்டேன். தூங்கினேன். காலையில் எழுந்து போனேன்.

விசாரணை நடந்தது மாடியில் ஒரு குறுகலான அறையில். பில்டரின் எஞ்சினீயர் படம் போட்டுக் காட்டினார். சுண்ணாம்பு உதிர்ந்துவிட்டது, சுவர் வயதாகி விழுந்துவிட்டது, மிச்சமும் எந்த நேரமும் விழும் என்றார். விசாரணை அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். அந்த அம்மாள் என் பக்கம் திரும்பவில்லை. மருமகள் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்தேன். தாடை வீங்கியிருந்ததால் பேச்சு குழறியது.

"சுண்ணாம்பு நல்லாத்தான் இருக்கு. நான் போட்டது. அந்தச் சுவர் தானா விழல. விழறதுக்குன்னு நான்தான் கட்டினேன். என் மகன் தள்ளினான்."

வக்கீல் சிரித்தார். "பெரியவரே, அடிபட்டதுல புத்தி கலங்கிப்போச்சா?"

"உன் எஞ்சினீயர வந்து குழியப் பாக்கச் சொல்லு. நாலு வரிசை. உள்ள சுண்ணாம்பே கிடையாது. வயசாகி விழுந்த சுவர் சதுரமாவா ஓட்டை போட்டுக்கும்?"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அன்று மத்தியானமே நேரில் வந்து குழியை அளந்தார். தானாக விழவில்லை, மனிதன் தள்ளியது, கூடத்தை இடிக்க அனுமதி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆஸ்பத்திரியில் என் மகன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரன் நாற்காலி போட்டான். மறுநாள் காலை என்னைக் கூட்டிப்போக இரண்டு பேர் கல்லூரிக்கே வந்தார்கள். கேட்டருகில் மருமகள் செருப்பைக் கழற்றி என் முகத்தில் ஐந்தாறு தடவை அடித்தாள். போலீஸ்காரர்கள் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை.

"வேற எங்கயாவது வெச்சிருக்கியா?" அந்த அம்மாள் கேட்டாள்.

"இல்ல."

"நம்பமாட்டேன்."

இரண்டு கொத்தனார்களை வரவழைத்தாள். கூடத்தில் மிச்சம் பதினொரு தூண். ஒவ்வொன்றின் அடிப்பலகையையும் பெயர்க்கச் சொன்னாள். பெயர்த்த இடத்திலெல்லாம் மண்டிபோட்டு, நகம் போன விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தாள். செங்கல், சுண்ணாம்பு, செங்கல். அடுத்த தூணுக்கு நகர்ந்தாள். நான் இரண்டு காக்கிச்சட்டைகளுக்கு நடுவே நின்றேன். வெயில் ஏறியது. ஒன்பதாவது தூண் முடிந்ததும் பெரிய போலீஸ்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"போலாமாம்மா? ஒண்ணும் இல்லியே."

அவள் நிமிரவில்லை. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த பலகையைக் காட்டினாள்.

"இன்னும் ரெண்டு இருக்கு. அவன் அங்கயே நிக்கட்டும்."