குடில் கட்டப் பத்துக் குறிப்பு எழுதப் போய்

1.

கிட்ட வாருங்கள் பிள்ளைகளே, கதிரையை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போடுங்கள். தகரத்தில் மழை விழுகிற சத்தத்துக்கு மேலால் கத்த எனக்கு இப்போது மூச்சு இல்லை. ஒரு கதை சொல்லுவேன், சத்தியம். ஆனால் ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இது கதையாக எழுத வந்ததில்லை.

எங்கள் கோயில் பத்திரிகையைப் பார்க்கிற சிஸ்டர் ஒரு பக்கம் கேட்டார். "அன்ரி, நத்தாருக்கு வீட்டை மலிவாச் சோடிக்கிறது எப்படியெண்டு பத்துக் குறிப்பு எழுதித் தாங்க. கதை கிதை ஒண்டும் வேண்டாம்."

நானும் நல்ல பிள்ளையாகத்தான் தொடங்கினேன்.

குறிப்பு ஒன்று: பால்மாப் பக்கற்றை வீசாதீர்கள். வெட்டி விரித்தால் உட்பக்கம் முழுதும் வெள்ளி. யோகட் கோப்பையைக் கவிழ்த்து அதைச் சுற்றுங்கள், மணி.

குறிப்பு இரண்டு: வெசாக் பண்டிகை முடிய, சிங்கள அயலவர் கழற்றி வீசுகிற மூங்கில் விளக்குக் கூட்டைக் கேட்டு வாங்கிப் பரணில் போடுங்கள். மார்கழியில் அதற்கு ஐந்து முனை கட்டினால் நட்சத்திரம்.

குறிப்பு மூன்று: பாலன் குடிலுக்குச் சீமெந்துப் பை. அந்தத் தாளைக் கசக்கி மலைக்குகை செய்வதில் எங்கள் கரையில் அல்பொன்சாவை—

அவ்வளவுதான். பெயரை எழுதியது என் பிழை. அழைப்புக் கிடைத்தவள்போல் வந்து உட்கார்ந்துவிட்டாள். மிச்சக் குறிப்பெல்லாம் எங்கே போனது என்று சிஸ்டர் என்னைக் கேட்கவேண்டாம், அல்பொன்சாவைக் கேட்கட்டும்.

2.

சரி, கதையென்றால் தொடக்கம் வேண்டும்.

"மார்கழி மழை கடலின்மேல் வெள்ளித் திரையாக—" (வேண்டாம். அவள் வீட்டில் நாலு இடத்தில் ஒழுகுகிறது. வெள்ளித் திரை என்று எழுதினால் ஒழுக்குக்கு வைத்த வாளியோடு வருவாள்.)

"அன்பு என்பது—" (சீ.)

இப்படியே இருக்கட்டும். கற்பிட்டிப் பாதையில், கடலுக்குத் திரும்புகிற மணல் ஒழுங்கையில் அல்பொன்சாவின் வீடு. வயது ஐம்பத்தாறு. தனியாள். கருவாடு காயப்போட்டுப் பிழைப்பு. ஆனால் மார்கழி பிறந்தால் அவள் வேறு ஆள். மீன்பெட்டியை விறாந்தையில் கவிழ்த்து, மேலே தடி கட்டி, சீமெந்துப் பையின் உள்தாளைத் தூசு போகத் தட்டி, கசக்கி, கோதுமை மாப்பசையில் தோய்த்து அப்புவாள். காய்ந்ததும் கரித்தூளும், வள்ளத்துக்கு அடித்த பெயின்றின் மிச்சமும். நீங்கள் கிட்டப் போய்த் தட்டிப் பார்த்தால்தான் அது கல் இல்லையென்று தெரியும். சுற்றிவரச் சவுக்குக் கொப்பு. உள்ளே வைக்கோல். அவள் கைக்காசு செலவழிப்பது மாவுக்கு மட்டும்தான்.

பைகள் இப்போது அடுத்த வீட்டு அஹமட் தருவது. அஹமட் மேசன், வீடு கட்டுகிறவன். வருடாவருடம் பத்துப் பன்னிரண்டு பை, ஒரு கிழிசல் இல்லாமல் மடித்துக் கட்டி, கட்டுக்கு நடுவில் பை தைத்த வெள்ளை நூலையும் சுருட்டி வைத்துக் கொடுப்பான். அந்த நூலில்தான் அவள் யோகட் மணிகளைத் தொங்கவிடுவாள்.

(இந்தப் பந்தியை நான் எழுதியபோது எனக்கே ஒன்றும் உறைக்கவில்லை. உங்களுக்கு உறைத்ததா? இருங்கள், வருகிறேன்.)

3.

குடிலுக்குள் மாதாவும் சூசையப்பரும் மூன்று ஆடும் ஒரு மாடும் இருக்கும். நடுவில் வைக்கோல் தொட்டி இருக்கும். பாலன் இல்லை.

மூன்று நத்தாராக இல்லை.

பாலன் அவள் தம்பி யூட்டிடம். தாயின் சீதனப் பெட்டிக்குள் வந்த பழைய சுரூபம், வலது காலில் பெருவிரல் உடைந்தது. சின்ன வயதிலிருந்தே குடிலைக் கட்டுவது அக்கா, பாலனை வைப்பது தம்பி. தாய் செத்த முப்பத்தோராம் நாள் சாப்பாட்டில், பந்தியில் எல்லாரும் இருக்க, "அம்மா படுக்கையில கிடந்த மூண்டு மாசமும் எட்டிப் பாக்காதவனுக்கு இண்டைக்கு மட்டும் வழி தெரிஞ்சிதோ?" என்று அல்பொன்சா கேட்டாள். யூட் கை கழுவினான். அலுமாரியைத் திறந்து பாலனைத் துவாயில் சுற்றினான். போனான். பாலாவியில் சீமெந்து விற்கிற ஒரு ஹார்ட்வெயார் கடையில் லொறி ஓட்டுகிறான். இங்கேயிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை.

எனக்கு வருகிற எரிச்சலைக் கேட்காதீர்கள். அவனிடம் பாலன், குடில் இல்லை. இவளிடம் குடில், பாலன் இல்லை. நடுவில் ஒரு பஸ்.

"கற்பிட்டிக் கடையில சின்னப் பாலன் வாங்கலாம்தானே, அல்பொன்சா?" என்று கேட்டேன்.

"வாங்கலாம். பிறகு அவன் கொண்டு வந்தா எங்க வைக்கிறது? ஒரு தொட்டியில ரெண்டு பாலனோ?"

"அப்ப போய்க் கேளன்."

"நான் ஏன் கேக்கோணும்? எடுத்துக்கொண்டு போனது ஆர்?"

"வயது ஐம்பத்தாறு உனக்கு."

"அதையும் எழுதிப்போட்டியளோ?" என்கிறாள்.

4.

குறிப்பு நாலு என்று நான் எழுதியிருந்தேன்: பனிக்கு உப்புத் தூவாதீர்கள். மழைக்காலத்தில் உப்பு ஈரம் இழுக்கும், தாள் ஊறும், மலை சரியும். பஞ்சு போதும்.

அல்பொன்சா என் கண்முன்னால் கல்லுப்பை இடித்து மலை முழுதும் தூவினாள்.

உப்புப் பனி யூட்டின் கண்டுபிடிப்பு. ஏழு வயதில் பாலாவி உப்பளத்தில் களிசான் பொக்கற் இரண்டையும் நிரப்பிக்கொண்டு வந்து, "படத்தில மாதிரிப் பனி" என்று கொட்டியவன். பனியைக் கண்ணால் காணாத ஊரில் அன்று முதல் குடிலுக்கு உப்பு. அவன் போன பிறகு வந்த இரண்டு நத்தாருக்கும் அவள் உப்புப் போடவில்லை. இந்த வருடம் ஏன்? கேட்டேன்.

"சும்மாதான்."

சும்மா என்று சொல்லிக்கொண்டு ஒருத்தி அரைக் கிலோ உப்பை உரலில் இடிப்பாளா? எனக்கு இந்தப் பாத்திரத்தில் நம்பிக்கை குறைகிறது. அடித்துவிட்டு வேறு ஒருத்தியை எழுதலாமா என்றுகூட யோசித்தேன். வேறு ஒருத்திக்குக் குடில் கட்டத் தெரியாது.

5.

இனி ஆடு.

இருபத்து மூன்றாம் திகதி காலை மழை விட்டிருந்தது. அல்பொன்சா பாண் வாங்கக் கடைக்குப் போனாள். அஹமட்டின் மனைவி முஃபீதா, பாவம் நனைந்த ஆட்டுக்குக் கொஞ்சம் வெயில் படட்டும் என்று கயிற்றை அவிழ்த்துவிட்டாள். ராணி என்று பெயர் வைத்த ஆடு. பெயருக்கேற்ற திமிர்.

அல்பொன்சா பாணோடு திரும்பி வந்தபோது, ராணி முன்னங்கால் இரண்டையும் பெத்லகேமில் ஊன்றிக்கொண்டு மலையை நக்கிக்கொண்டிருந்தது. பாதி மலை ஏற்கெனவே வயிற்றுக்குள். மாதா கவிழ்ந்து கிடந்தா. சூசையப்பர் முற்றத்தில். ராணியின் வாயில் ஒரு சவுக்குக் கொப்பு.

(நியாயத்தைச் சொன்னால், பிள்ளைகளே: மாப்பசைத் தாள், வைக்கோல், பச்சைக் கொப்பு, மேலே உப்பு. நான் எழுதிய மலிவுக் குடிலின் பொருட் பட்டியலை ஒரு ஆடு எழுதியிருந்தால் ஒன்றையும் மாற்றியிருக்காது.)

6.

முஃபீதா வேலியைத் தாண்டி ஓடிவந்தாள். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த கூட்டத்தில் கைக்குழந்தையாக வந்தவள். இங்கேயே வளர்ந்து, இந்த ஒழுங்கையிலேயே வாழ்க்கைப்பட்டு, அல்பொன்சாவின் கருவாட்டில் பாதிக்குமேல் தின்று தீர்த்தவள்.

"அல்லாஹ்வே! அல்பொன்சாக்கா, கோவிக்காதீங்க..."

"கோவிக்காமல்? நாலு நாள் வேலை, முஃபீதா! நாலு நாள்! உன்ர ராணிக்குத் திங்க என்ர குடில்தானோ கிடைச்சுது?"

"ஆட்டுக்கு என்னக்கா தெரியும்? வைக்கோலும் வெச்சி, மாவும் பூசி, உப்பும் தூவி... கலியாண வீட்டுல ஆறு பேர் சுத்தியிருந்து திங்கிற சஹன் மாதிரி நீங்கதானே பரத்தி வெச்சீங்க! ராணி பிஸ்மி சொல்லித் தொடங்காததுதான் கொற!"

மற்ற நாளென்றால் அல்பொன்சா சிரித்திருப்பாள். அன்று அவள் கண் வைக்கோல் தொட்டியில் இருந்தது. தொட்டி நெளிந்து கிடந்தது.

"கதைக்காத. உன்ர ஆடும் இந்த வாசலுக்கு வரவேண்டாம், உன்ர மனிசன்ர சீமெந்துப் பையும் இனி எனக்கு வேண்டாம். மிச்சத்தையும் தூக்கிக்கொண்டு போ!"

முஃபீதாவுக்கும் ரோசம் வந்தது.

"எங்கட மனிசன்ட பையா? அவரு பை ஒடைக்கிறத நீங்க எப்பயாச்சும் பாத்தீங்களா? மம்பட்டியால நடு வயித்துல ஒரே வெட்டு. எந்த மேசன் ஒக்காந்து நூல் பிரிக்கிறான்? அது ஒங்கட தம்பி தாறது, அக்கா! மூணு வருசமா! தன்ட பேரச் செல்ல வேணாம் என்டு இவருட்டச் சத்தியம்..."

கையால் வாயைப் பொத்தினாள். பொத்தி என்ன?

ராணி மட்டும் மென்றுகொண்டிருந்தது.

7.

இரண்டாம் பகுதிக்குத் திரும்பிப் பாருங்கள். "ஒரு கிழிசல் இல்லாமல்" என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். நூலைச் சுருட்டி வைத்தான் என்றும் எழுதியிருக்கிறேன். பை வாயில் சரியான நுனியைப் பிடித்தால் தையல் முழுதும் ஒரே இழுவையில் கழன்று வரும். பிழையான நுனியைப் பிடித்தால் முடிச்சு முடிச்சாக இறுகும். லொறியில் சீமெந்து ஏற்றி இறக்குகிறவனுக்குத்தான் அந்த நுனி தெரியும். எழுதிய எனக்கே புரியவில்லை என்றால் என்னத்தை எழுதுகிறேன்?

ஆனால் வருடத்துக்குப் பன்னிரண்டு பையை மடியில் வைத்துக் கசக்கியவள்? சண்டைக்கு முந்தி யூட்டே கொண்டுவந்து கொடுத்த பைகளும் இதே மடிப்புத்தானே?

"உனக்கு முந்தியே தெரியும், அல்பொன்சா."

நெளிந்த தொட்டியை நிமிர்த்தி வைத்தாள். பிறகு, "தெரியும் எண்டு எழுதாதைங்க. தெரியாது எண்டும் எழுதாதைங்க" என்றாள்.

இதை வைத்துக்கொண்டு நான் எப்படி ஒரு கதை முடிக்கிறது?

8.

முடிவு அ: அந்தி மங்கும் நேரம் வாசலில் லொறிச் சத்தம். துவாயில் சுற்றிய பாலனோடு யூட் இறங்குகிறான்—

வாசித்துக் காட்டினேன். "அவன் லொறியைச் சந்தியில விட்டிட்டு நடந்துதான் வருவான். அவனை உங்களுக்குத் தெரியாது" என்றாள். அடித்தேன்.

முடிவு ஆ: அவள் பஸ் ஏறிப் பாலாவிக்குப் போகிறாள்—

இரண்டு வரியில் இறங்கிவிட்டாள். அடித்தேன்.

நடந்ததை மட்டும் எழுதுகிறேன். அன்றே முஃபீதா மாப்பசை கிண்டினாள், அல்பொன்சா மிச்சப் பையில் மலையைத் திரும்பக் கட்டினாள். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னேரம் பசை சட்டியில் பிடித்துக் கருகியபோது ஒரே நேரத்தில் ஏசிக்கொண்டார்கள், அதோடு சரியாகிவிட்டது. உப்புப் போடவில்லை.

இருபத்து நாலு காலை அல்பொன்சா தொட்டிக்கு வைத்திருந்த புது வைக்கோல் முழுவதையும் ஒரு சீமெந்துப் பைக்குள் போட்டாள். சுருட்டி வைத்த நூலை ஊசியில் கோத்து, வாயைத் தைத்தாள். வேலைக்கு வெளிக்கிட்ட அஹமட்டை வேலியில் மறித்தாள்.

"பாலாவிப் பக்கந்தானே போறாய், தம்பி? இதை யூட்டிட்டக் குடு."

"என்னன்டு கேட்டா என்ன செல்றது, அக்கா?"

"வைக்கோல் எண்டு சொல்லு."

"வேற?"

"நேற்றையான் மழைக்கு நனையேல்லை எண்டு சொல்லு."

அஹமட் பையை மோட்டார்சைக்கிள் பின்தாங்கியில் கட்டிக்கொண்டு போனான். குடிலில் தொட்டி இருக்கிறது. இப்போது வைக்கோலும் இல்லை.

முடிவு இ: பின்னேரம் பை அப்படியே திரும்பி வருகிறது, தையல் பிரிக்காமல்— (இதை எழுதப் பேனை ஓடவில்லை. முஃபீதா வேலிக்கு மேலால் எட்டி வாசிக்கிறாள், ஆட்டை அவிழ்த்துவிட்டாலும் விடுவாள்.)

முடிவு ஈ: பை திரும்பி வருகிறது. நூல் ஒரே இழுவையில் கழற்றி, சுருட்டி உள்ளே. வைக்கோல் இல்லை. அப்படியென்றால் பாலன் இன்றிரவு அங்கே, அக்காவின் வைக்கோலில். (சரியாகவும் இருக்கிறது, தாங்கவும் முடியவில்லை.)

இப்போது ஒழுங்கை முனையில் மோட்டார்சைக்கிள் திரும்புகிறது. அஹமட்தான். மழை. தாங்கியில் பொலித்தீன் போட்டு மூடி ஏதோ கட்டியிருக்கிறது. சந்திப் பக்கம் ஒருவர் குடை பிடித்து நடந்து வருகிற மாதிரியும் இருக்கிறது. இந்த மழையில் யாராகவும் இருக்கலாம். அல்பொன்சா விறாந்தைப் படியில் நிற்கிறாள். கையில் பசை காய்ந்து வெள்ளையாக இருக்கிறது. என்னைப் பார்க்கவில்லை.

நான் பேனையை மூடிவிட்டேன். பொலித்தீனைத் தூக்கிப் பார்க்கிறது நீங்கள். பார்த்ததை எனக்குச் சொல்லவேண்டாம், எனக்கு இவளோடு போதும் போதும் என்றாகிவிட்டது. அவளுக்குச் சொல்லுங்கள், மெதுவாக.

சிஸ்டருக்கு மூன்றரைக் குறிப்புத்தான் போகிறது. ஏசட்டும்.

நீங்கள் எழும்புங்கள், இருட்டமுதல் வீடு சேருங்கள். உங்கள் வீட்டுக் கூரை இந்த மழைக்கு ஒழுகாதிருக்கட்டும். நீங்கள் கசக்கிக் கட்டுகிற மலை சரியாதிருக்கட்டும். இறுகிப்போன தையலில் உங்கள் விரலுக்குச் சரியான நுனி அகப்படட்டும். கோபித்துக்கொண்டு போனவர்களுக்கு உங்கள் வாசலில் எப்போதும் ஒரு பிடி காய்ந்த வைக்கோல் இருக்கட்டும்.

ஆட்டைக் கட்டி வையுங்கள்.